வெட்டி எடுத்த கதைகள்

(திகில் ஆந்தாலஜி படங்கள் குறித்து திரைப்பட ரசிகர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆந்தாலஜி படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டாவது கதை பிரமாதம், நாலாவது பரவாயில்லை, மூணாவது தேவையே இல்லை" என்பார். முழுநீளப் படமாக இருந்தால், இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் தொய்வு என்று சொல்லி விட்டுவிடுவோம். அந்தத் தொய்வான அரைமணி நேரத்தைத் தனியே எடுத்துவைத்து மார்க் போடமாட்டோம். பல கதைகள் சேர்ந்த படம் என்றால் மட்டும் நம் கையில் சிவப்பு மசி பேனா வந்துவிடுகிறது.

பேய்க்கதைகளை மூன்றோ நான்கோ ஐந்தோ சேர்த்து ஒரே படமாக்கும் வழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1919இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஆஸ்வால்ட் ஒரு மௌனப்படம் எடுத்தார். கடை மூடிய பிறகு, ஒரு பழைய புத்தகக் கடையின் சுவரில் மாட்டியிருக்கும் மூன்று ஓவியங்களிலிருந்து மரணமும் சாத்தானும் ஒரு விலைமகளும் இறங்கி வருகிறார்கள். அலமாரியிலிருந்து புத்தகங்களை உருவி, உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்கள் படிப்பதுதான் படத்தின் ஐந்து கதைகளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் இந்த வடிவத்தைக் கையிலெடுத்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் நான் முதலில் சொன்ன அதே குறையையும் சொல்லியிருக்கிறது.

குறை சொன்னதோடு நிற்காமல் கத்தரிக்கோலை எடுத்தவர்களும் உண்டு. படத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுபோன விநியோகஸ்தர்கள் "நான்கு கதை இருக்கிறதே, ஒன்று போனால் என்ன" என்று நினைத்தார்கள். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அவர்கள் வெட்டிய கதைகளைப் பற்றித்தான். ஒரு கதையை எடுத்தபோது மிச்சக் கதைகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால், இந்தப் படங்கள் நம்மை எதைக்கொண்டு பிடித்துவைக்கின்றன என்பது துலங்கும்.

1945இல் வந்த 'டெட் ஆஃப் நைட்'டிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் போர்க்காலத்தில், 1942 முதல், 'எச்' சான்றிதழ் பெற்ற திகில் படங்களைத் திரையிடத் தடை இருந்தது. தினமும் வீட்டுக்கு வீடு மரணச் செய்தி வந்துகொண்டிருந்த நேரத்தில் கொட்டகையில் வேறு பயம் வேண்டாம் என்று நினைத்தார்கள். போர் முடிந்த கையோடு ஈலிங் ஸ்டூடியோ இந்தப் படத்தை வெளியிட்டது. தயாரிப்பு மைக்கேல் பால்கன். இயக்குநர்கள் நான்கு பேர்: ஆல்பர்ட்டோ கவல்கான்டி, சார்லஸ் கிரைட்டன், பாஸில் டியர்டன், ராபர்ட் ஹேமர். பின்னாளில் நகைச்சுவைப் படங்களுக்காக உலகம் கொண்டாடிய ஸ்டூடியோ அது.

வால்டர் கிரெய்க் என்ற கட்டடக் கலைஞர் ஒரு கிராமத்துப் பண்ணைவீட்டுக்கு வருகிறார். வீட்டைப் புதுப்பிக்க யோசனை சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். கார் வளைவில் திரும்பியதும் நிறுத்துகிறார். வீட்டைப் பார்க்கிறார். முகத்தில் ஒரு குழப்பம். தலையை உலுக்கிக்கொண்டு மறுபடி வண்டியை எடுக்கிறார். பேய் இல்லை, இருட்டு இல்லை, பட்டப்பகல். ஆனால் அந்த ஒரு நிறுத்தத்திலேயே நமக்கு அடிவயிற்றில் ஏதோ செய்கிறது. உள்ளே போனால், அங்கிருக்கும் விருந்தினர்கள் அத்தனை பேரையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் வரும் கனவில் பார்த்த முகங்கள். அடுத்து ஒரு பெண் வருவாள், கையில் காசில்லாமல் நிற்பாள் என்கிறார். வருகிறாள், டாக்சிக்குக் கொடுக்கக் காசு கேட்கிறாள்.

விருந்தினர்களில் ஒருவர் மனநல மருத்துவர். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருப்பவர். அவரை மறுப்பதற்காகவே ஒவ்வொருவரும் தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒரு கார்ப் பந்தய வீரர், ஒரு சிறுமி, கல்யாணத்துக்கு முன் கணவனுக்குப் பழைய கண்ணாடி ஒன்றை வாங்கிப் பரிசளித்த பெண், வீட்டுக்காரர், கடைசியில் அந்த மருத்துவரே.

கண்ணாடிக் கதையில் கொஞ்சம் நின்று பார்ப்போம். ராபர்ட் ஹேமர் இயக்கியது. பீட்டர் கண்ணாடி முன் நின்று டை கட்டுகிறான். அவன் பின்னால் இருக்க வேண்டியது நவீன காலத்துப் படுக்கையறை. கண்ணாடிக்குள் தெரிவது கணப்படுப்பு எரியும் பழங்காலத்து அறை, நான்கு தூண் கட்டில். அதிர வைக்கும் இசையோ திடீர் அசைவோ எதுவும் கிடையாது. கண்ணாடி தன் பாட்டுக்கு வேறு அறையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அவன் வருங்கால மனைவி பக்கத்தில் வந்து நின்றால் அவளுக்கு எதுவும் தெரிவதில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். நாமும் அந்த அறையைப் பார்த்துவிட்டோம். அவளிடம் சொல்ல முடியாது. பயத்தை நமக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாமல் ஆக்கிவிடுகிறார் ஹேமர்.

இதற்கடுத்து வருவது கோல்ஃப் கதை. இரண்டு நண்பர்கள் ஒரே பெண்ணுக்காகப் பந்தயம் கட்டி விளையாடுகிறார்கள். தோற்றவன் ஏரிக்குள் நடந்துபோய் இறந்துவிடுகிறான். வென்றவன் ஏமாற்றித்தான் வென்றான் என்று தெரிந்ததும் ஆவியாக வந்து நிற்கிறான், ஆனால் மறைந்துபோவது எப்படி என்பது அவனுக்கு மறந்துபோகிறது. முழுக்க விளையாட்டுக் கதை. இந்தப் படத்தைப் பற்றி எழுதிய பெரும்பாலோர் இதைத் திட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் வெளியிட்டபோது இதையும், சிறுமி சொல்லும் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் தூக்கிவிட்டார்கள்.

நான் கோல்ஃப் கதையின் பக்கம். அந்தக் கதையை யார், எப்போது சொல்கிறார் என்று கவனியுங்கள். கண்ணாடிக் கதையைக் கேட்டு அறையே இறுகிப்போயிருக்கிறது. வீட்டுக்காரர் விருந்தினர்களின் முகத்தைப் பார்க்கிறார். நல்ல வீட்டுக்காரர் எவரும் செய்வதைச் செய்கிறார்: சிரிக்க ஒரு கதை சொல்கிறார். நாமும் தோளைத் தளர்த்திச் சிரிக்கிறோம். அந்தத் தளர்ச்சியில்தான் மருத்துவர் தன் கதையை எடுக்கிறார். மைக்கேல் ரெட்கிரேவ் நடித்த குரல்மாற்றுக் கலைஞன், அவன் மடியில் ஹியூகோ என்ற பொம்மை. எந்தக் குரல் யாருடையது என்று தெரியாமல் போகும் அந்தக் கதையின் கடைசிக் காட்சியை எண்பது ஆண்டுகளாக யாராலும் மறக்க முடியவில்லை. சிரித்த வாய் மூடும் முன்னால் வந்ததால்தான் அது அப்படி இறங்குகிறது. எல்லாக் கதையும் ஹியூகோ போலவே இருந்தால் நாம் நான்காவது கதைக்குள் மரத்துப்போயிருப்போம்.

கிறிஸ்துமஸ் கதை போனதில் வேறு விதமான இழப்பு. படத்தின் முடிவில் கிரெய்க் தன் கனவுக்குள்ளேயே ஓடுகிறார். இதுவரை கேட்ட கதைகளின் இடங்களும் ஆட்களும் ஒன்றோடொன்று கலந்து அவரைச் சூழ்கின்றன. கிறிஸ்துமஸ் விருந்தில் கண்ணாமூச்சி ஆடிய வீடும் அதில் வருகிறது. அமெரிக்காவில் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையே தெரியாது. இது யார், எந்த வீடு என்று விழித்தார்கள். கதைகள் தனித்தனியாக நிற்பவை என்று நம்பித்தான் அதை வெட்டினார்கள். கடைசி ஐந்து நிமிடம் அந்த நம்பிக்கை பொய் என்று காட்டிவிட்டது.

பிறகு கிரெய்க் விழிக்கிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. ஒரு பண்ணைவீட்டைப் பார்க்க வரமுடியுமா என்று கேட்கிறார்கள். கார் அதே வளைவில் திரும்புகிறது, அவர் அதே இடத்தில் நிறுத்துகிறார்.

கேம்பிரிட்ஜில் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட், ஃபிரெட் ஹாயில் என்ற மூன்று விஞ்ஞானிகள் இந்தப் படத்தைப் பார்த்தார்கள். தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் படத்தைப் பார்த்த கோல்ட், பிரபஞ்சமும் இப்படித் தொடக்கமும் முடிவும் இல்லாமல் இருந்தால் என்ன என்று கேட்டார். 1948இல் அவர்கள் வெளியிட்ட நிலைப் பிரபஞ்சக் கோட்பாட்டுக்கு அந்தப் பேச்சு ஒரு தூண்டுதல். அந்தக் கோட்பாடு பின்னால் தோற்றுப்போனது. ஆனால் ஒரு பேய்ப்படத்தில் மற்றக் கதைகளைக் கோக்கும் இணைப்புக் கதை வானியலுக்குள் போய் இருபது ஆண்டுகள் வாதம் நடத்தியது என்பதைத் திகில் படங்களை மட்டமாகப் பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன்.

நம் பக்கத்தில் இந்த வடிவம் எவ்வளவு பழையது என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வேதாளத்தின் இருபத்தைந்து கதைகள் இருக்கின்றன. பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்கிறது, சுமப்பவன் கேட்கிறான். பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். 'அம்புலிமாமா' படித்து வளர்ந்தவர்களுக்கு, ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் கண்ணுக்குள்ளேயே இருக்கும்: உருவிய வாளோடு ராஜா, தோளில் வெள்ளையாகத் தொங்கும் உடல். அந்தக் கதைகளில் பெரும்பாலானவை பேய்க்கதையே கிடையாது. காதல், நியாயம், தியாகம் பற்றியவை. ஆனாலும் ஒவ்வொன்றும் திகிலோடு கேட்கப்படுகிறது, ஏனென்றால் சொல்வது யார் என்பதை நாம் ஒரு கணமும் மறப்பதில்லை. கேட்பவனுக்கும் ஆபத்து உண்டு என்பதையும்தான். கதைக்குள் எவருக்கு என்ன நேர்ந்தாலும் நாம் பாதுகாப்பான நாற்காலியில் இருக்கிறோம். நாற்காலிக்கே ஆபத்து என்று சொல்வது இணைப்புக் கதை ஒன்றுதான். நல்ல திகில் ஆந்தாலஜிகள் அனைத்தும் இதைத் தெரிந்துவைத்திருக்கின்றன. 1924இல் பால் லெனி எடுத்த 'மெழுகுப் பொம்மைக் காட்சிக்கூடம்' படத்தில், பொம்மைகளுக்குக் கதை எழுத வேலைக்கு வந்த கவிஞனைக் கடைசியில் ஒரு பொம்மையே துரத்துகிறது.

அடுத்த வெட்டு ஜப்பானியப் படத்துக்கு விழுந்தது. மசாகி கோபயாஷியின் 'குவைதான்' 1964இன் கடைசியில் வெளிவந்து, 1965இல் கான் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு பெற்றது. நான்கு கதைகள், மூன்று மணி நேரம். என்னைப் பொறுத்தவரை இந்த வகையில் இதற்கு மேல் ஒரு படம் வரவில்லை.

கதைகள் லஃப்காடியோ ஹெர்ன் எழுதியவை. 1850இல் கிரேக்கத் தீவொன்றில், ஐரிஷ் தகப்பனுக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்து, 1890இல் ஜப்பான் போய் அங்கேயே குடும்பமானவர். கதைகளை அவருக்குச் சொன்னவர் மனைவி செட்சு. இரவில் விளக்குத் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு அவர் சொல்வார், ஹெர்ன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். செட்சு புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் ஹெர்னுக்குப் பிடிக்காது, உன் வார்த்தையில், உன் மனசிலிருந்து சொல் என்பார். செட்சு தன் நினைவுகளில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். கோபயாஷியின் படத்துக்குள் இந்த விளக்கு இன்னும் எரிகிறது என்றே எனக்குத் தோன்றும்.

கோபயாஷி பெரும்பாலும் வெளிப்புறத்துக்குப் போகவில்லை. பயன்பாட்டில் இல்லாத விமானக் கொட்டகைக்குள் காட்டையும் பனியையும் கட்டினார். வானத்தை வரைந்தார். 'பனிப்பெண்' கதையில் அந்த வானத்தில் பெரிய பெரிய கண்கள் இருக்கும். மேகமா கண்ணா என்று நாம் தீர்மானிக்கும் முன் காட்சி மாறிவிடும். இசை தோரு தகெமிட்சு. இசை என்பதைவிட ஒலி என்பதே சரி. 'கருங்கூந்தல்' கதையில் ஒருவன் பாழடைந்த வீட்டில் தட்டுத்தடுமாறி ஓடுவான், பலகை காலடியில் உடையும், சத்தம் வராது. பிறகு, எதுவும் உடையாத ஒரு கணத்தில், மரம் பிளக்கும் ஒலி காதுக்குப் பக்கத்தில் கேட்கும். கண்ணும் காதும் ஒன்றையொன்று நம்பாமல் போகின்றன. பேயைக் காட்டி இந்த நிலையை உண்டாக்க முடியாது.

அமெரிக்காவில் திரையிட்டபோது, படம் நீளம் என்று 'பனிப்பெண்' கதையை எடுத்துவிட்டார்கள். அதைத் தனியாகப் பார்த்தால் எளிய கதைதான். பனிப்புயலில் ஒரு பெண்பேய் இளைஞன் ஒருவனை உயிரோடு விடுகிறது, இதை யாரிடமும் சொல்லாதே, சொன்னால் கொன்றுவிடுவேன் என்கிறது. அவன் கல்யாணம் செய்துகொள்கிறான், பிள்ளைகள் பிறக்கின்றன. ஒருநாள் இரவு, தையல் வேலை செய்துகொண்டிருக்கும் மனைவியின் முகத்தை விளக்கொளியில் பார்த்தவன், உன்னைப்போல ஒருத்தியை முன்பு பார்த்தேன் என்று கதையைச் சொல்லிவிடுகிறான். அறையின் வெளிச்சம் நீலமாக மாறுகிறது. அவள்தான் அது.

அவன் செய்த குற்றம் என்ன? கதை சொன்னது. இப்போது அடுத்த கதைக்குப் போங்கள். பார்வையற்ற இசைக்கலைஞன் ஹோய்ச்சி, 1185இல் தன்-நோ-உரா கடற்போரில் அழிந்த ஹெய்கே குலத்தின் கதையை இரவுதோறும் ஒரு பெரிய அவையில் பாடுகிறான். கேட்பவர்கள் அந்தப் போரில் செத்தவர்களே. அவனைக் காப்பாற்ற உடல் முழுக்க சூத்திரத்தை எழுதும் துறவி, காதில் எழுத மறந்துவிடுகிறார். கதை சொன்னவன் இழப்பது காதுகளை. கடைசிக் கதை, ஒரு எழுத்தாளன் முடிக்காமல் விட்ட கதை. தேநீர்க் கிண்ணத்தில் வேறொருவன் முகத்தைப் பார்த்தவனின் கதை. ஏன் முடிக்கவில்லை என்று பார்க்க வந்த பதிப்பாளர், எழுத்தாளனைத் தண்ணீர்ச் சாடிக்குள் காண்கிறார்.

சொல்லக்கூடாததைச் சொன்னவன், சொல்லக்கூடாதவர்களிடம் சொன்னவன், சொல்லி முடிக்காதவன். மூன்று கதையும் கைகோத்து நிற்கின்றன. பேய்க்கதை சொல்வதன் விலை என்ன என்பதே படத்தின் கேள்வி. அந்தக் கேள்வியின் முதல் கண்ணி 'பனிப்பெண்' கதையில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தவர்களுக்கு 'குவைதான்' அழகான மூன்று கதைகளாகத் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்ததில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

சத்யஜித் ராய்க்கும் இது நடந்தது. தாகூர் நூற்றாண்டான 1961இல் அவர் எடுத்த 'தீன் கன்யா' மூன்று கதைகள் கொண்டது. ராய் தன் படத்துக்குத் தானே இசையமைக்கத் தொடங்கியதும் இதில்தான். முழுப்படத்தையும் திகில் படம் என்று சொல்லமுடியாது, நடுக்கதையான 'மணிஹாரா' மட்டுமே பேய்க்கதை. வெளிநாடுகளில் அதை நீக்கிவிட்டு 'இரண்டு பெண்கள்' என்ற பெயரில் ஓட்டினார்கள். நகைமேல் பித்தான மனைவி மணிமாலிகா, அவளுக்கு நகைகளைக் கொட்டிக்கொடுத்தும் அன்பு கிடைக்காத கணவன். அவள் எலும்புக்கை நகைப்பெட்டிமேல் பாயும் கணத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியம், கதை சொல்லப்படும் விதம். பாழடைந்த மாளிகைக்குப் பக்கத்துப் படித்துறையில் ஒரு பள்ளி ஆசிரியர் தான் எழுதியதைப் படிக்கிறார். போர்வை போர்த்திய ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். எல்லாம் படித்து முடித்த பிறகு, அந்தக் கணவன் நான்தான் என்கிறார் கேட்டவர். 'போஸ்ட்மாஸ்டர்' கதையின் சிறுமியும் 'சமாப்தி'யின் முரட்டுப்பெண்ணும் ஆண்கள் புரிந்துகொள்ளத் தவறிய பெண்கள். மணிமாலிகாவை நடுவில் வைத்தால்தான் அந்த வரிசையின் இருட்டு தெரியும். அவளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு இனிமையான கதைகள்.

இத்தாலியில் மரியோ பாவா 1963இல் எடுத்த 'பிளாக் சாபத்' படத்தில் கதை எதையும் எடுக்கவில்லை, வரிசையை மாற்றினார்கள். இத்தாலிய மூலத்தில் 'ஒரு துளி நீர்' கடைசிக் கதை. ஆவிகளோடு பேசிவந்து இறந்துபோன ஒரு பெண்ணின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றும் நர்ஸ், பிறகு அறையெங்கும் கேட்கும் சொட்டுச் சத்தம். பிணத்தின் அந்த மெழுகு முகத்தைச் செய்தவர் பாவாவின் தகப்பனார் யூஜெனியோ. அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்கமுடியாது என்பதால் பாவா அதைக் கடைசியில் வைத்தார். அமெரிக்க நிறுவனம் அதைத் தூக்கி முதலில் வைத்தது. தொலைபேசியில் மிரட்டப்படும் பெண்ணின் கதையில் பேயே கிடையாது. அவர்கள் அதில் ஒரு பேயையும் நுழைத்தார்கள். இதைவிடப் பெரிய இழப்பு கடைசிக் காட்சி. போரிஸ் கார்லாஃப் குதிரையில் பாய்ந்து வருகிறார், நம்மைப் பார்த்துப் பேசுகிறார். கேமரா பின்வாங்குகிறது. அது பொம்மைக் குதிரை. சுற்றிலும் ஆட்கள் கையில் மரக்கிளைகளோடு வட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எப்படிப் பயமுறுத்தினேன் என்று சொல்லிக் காட்டி, பார்வையாளரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பும் மரியாதை அதில் இருந்தது. அமெரிக்காவில் அதைக் காணோம்.

எழுபதுகளை நெருங்கும்போது இந்த வடிவம் ஒரு தொழிலாகவே ஆனது. மில்டன் சுபோட்ஸ்கி, மேக்ஸ் ரோசன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கிலாந்தில் நடத்திய அமிகஸ் நிறுவனம் 1965 முதல் பத்தாண்டுக்குள் ஏழு திகில் ஆந்தாலஜிகளை எடுத்தது. சுபோட்ஸ்கிக்கு 'டெட் ஆஃப் நைட்' ஆதர்சம். கணக்கு எளிது: பெரிய நடிகரைப் படம் முழுக்க வைத்துக்கொள்ளச் செலவாகும், ஒரு கதைக்குச் சில நாள் கால்ஷீட் போதும். போஸ்டரில் ஐந்து பெரிய பெயர் போடலாம். இந்தக் கணக்கைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் 1972இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' படத்தில் பீட்டர் குஷிங் நடித்த அந்தச் சில நிமிடங்கள் நமக்குக் கிடைத்திருக்காது.

குஷிங்கின் மனைவி ஹெலன் 1971 ஜனவரியில் இறந்தார். அந்த இழப்பிலிருந்து அவர் கடைசிவரை மீளவில்லை. படத்தில் அவர் மனைவியை இழந்த ஏழைக் குப்பைக்காரர் கிரிம்ஸ்டைக். தெருப்பிள்ளைகளுக்குப் பொம்மைகளைச் சரிசெய்து கொடுப்பவர். மேசையில் மனைவியின் படத்தை வைத்துக்கொண்டு பேசுவார், பெயர் சொல்லி அழைப்பார். அந்தப் பெயரும் ஹெலன்தான். அவரை அந்தத் தெருவைவிட்டுத் துரத்த நினைக்கும் பக்கத்து வீட்டுப் பணக்காரர்கள் காதலர் தினத்தன்று கட்டுக்கட்டாக வாழ்த்தட்டை அனுப்புகிறார்கள். அவருக்கு முகம் மலர்கிறது. ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். ஒவ்வொன்றிலும் வசை. அந்த மலர்ச்சி மெல்ல வடியும் முகத்தைக் கேமரா விடாமல் பார்க்கிறது. ஓராண்டு கழித்து அவர் பிணமாக எழுந்து வந்து பழிவாங்குவதெல்லாம் படத்துக்கு மூலமான காமிக்ஸ் கதையின் விதி. ஆனால் நாம் அழுதது வாழ்த்தட்டைகளைப் பிரிக்கும்போதே. முழுநீளப் படமாக இருந்தால் இந்தக் கிழவருக்கு ஒரு துணைப்பாத்திரம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஆந்தாலஜியில் இருபது நிமிடத்துக்கு அவரே நாயகர்.

அந்தக் கதைகள் ஐம்பதுகளில் இ.சி. காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்டவை. 1954இல் அமெரிக்க செனட் துணைக்குழு காமிக்ஸ் புத்தகங்களால் பிள்ளைகள் கெடுகிறார்களா என்று விசாரித்தது. பதிப்பாளர்கள் தங்களுக்கே ஒரு தணிக்கை விதியை ஏற்படுத்திக்கொண்டார்கள். திகில் இதழ்கள் நின்றுபோயின. அவற்றைப் படித்து வளர்ந்த ஜார்ஜ் ரொமேரோவும் ஸ்டீபன் கிங்கும் 1982இல் 'க்ரீப்ஷோ' எடுத்து அந்தக் கடனைத் தீர்த்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 23ஆம் தேதி அதிகாலையில் 'ட்வைலைட் ஸோன்' படத்துக்கு ஜான் லாண்டிஸ் எடுத்துக்கொண்டிருந்த கதையில் ஹெலிகாப்டர் விழுந்து, நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அந்தக் குழந்தைகளைச் சட்டத்துக்கு மாறாக வேலைக்கு அமர்த்தியிருந்தார்கள். வழக்கு நடந்தது, 1987இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். இனவெறி பிடித்த ஒருவன் குழந்தைகளைக் காப்பாற்றி மனம் மாறுவதாக எழுதியிருந்த பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை வெளியிட்டார்கள். நான் இதுவரை வெட்டியவர்களைக் குறைசொல்லிக்கொண்டு வந்தேன். இந்த ஒரு இடத்தில் வெட்டியது போதாது, அந்தக் கதை முழுவதையுமே எடுத்திருக்க வேண்டும். எந்தப் பயமும், எந்தப் படமும் மூன்று உயிருக்கு ஈடாகாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆசிய இயக்குநர்கள் இதைக் கையிலெடுத்தார்கள். 2002இல் 'த்ரீ', 2004இல் 'த்ரீ... எக்ஸ்ட்ரீம்ஸ்'. இரண்டாவது படத்தில் ஹாங்காங்கின் ஃபுருட் சான், கொரியாவின் பார்க் சான்-வூக், ஜப்பானின் தகாஷி மீகே. மூன்றும் வலிமையான கதைகள், இணைப்பு எதுவும் இல்லை. 2012இல் அமெரிக்காவில் வந்த 'வி/எச்/எஸ்' மறுபடி இணைப்புக்குத் திரும்பியது. ஒரு வீட்டுக்குள் திருடப் போனவர்கள், பிணத்தின் எதிரே ஓடும் டிவிகளில் வீடியோ டேப்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். பார்க்கிறவன் ஒவ்வொருவனாகக் காணாமல் போகிறான். அதே ஆண்டு வந்த 'தி ஏபிசிஸ் ஆஃப் டெத்' ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26 குறும்படங்களைக் கோத்தது. அகரவரிசை ஒரு இணைப்பாகாது என்பதை அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தியில் 2003இல் பிரவால் ராமன் இயக்கிய 'டர்னா மனா ஹை' எளிய படம். காட்டுவழியில் கார் நின்றுபோன நண்பர்கள் தீமூட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். கதைகளில் சில சுமார்தான். ஆனாலும் தீயைச் சுற்றி எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே பார்க்கிறோம். 2020 ஜனவரி 1ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்த 'கோஸ்ட் ஸ்டோரீஸ்' படத்துக்கு ஜோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் என்று நான்கு பெரிய இயக்குநர்கள். திபாகரின் கதை மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் இடையே எதுவும் இல்லாததால், நாலாவதிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான், மூன்றாவதை மட்டும் பார்த்தாலும் ஒன்றுதான். பலர் அப்படித்தான் பார்த்தார்கள். அன்று விநியோகஸ்தர் செய்ததை இன்று ரிமோட்டோடு நாமே செய்கிறோம். செய்ய முடிகிறபடி படமும் இருக்கிறது.

இங்கே குறும்பட இயக்குநர்கள் பலர் வந்திருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் வந்த காலம் முதல், பத்து நிமிடத்தில் ஒரு கதையை முடிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. 2015இல் 'பெஞ்ச் டாக்கீஸ்', 2016இல் 'அவியல்' என்று குறும்படங்களைத் தொகுத்துத் திரையரங்குக்கே கொண்டுவந்தார்கள். அவை தொகுப்புகள். உங்களில் நான்கு பேர் சேர்ந்து திகில் ஆந்தாலஜி எடுக்க உட்கார்ந்தால், யாருக்கு எந்தக் கதை என்று பிரிக்கும் முன்பு, இணைப்புக் கதையை யார் எடுப்பது என்று பேசுங்கள். அது மிச்சமிருக்கும் இரண்டு நாளில் உதவி இயக்குநர் எடுத்துத் தரும் வேலை கிடையாது. ஈலிங்கில் அதை எடுத்துக்கொண்டவர் பாஸில் டியர்டன். அவருக்குத் தனியாகக் கிடைத்தது பந்தய வீரரின் குட்டிக் கதை, ஐந்தில் சிறியவற்றில் ஒன்று. பண்ணைவீட்டு வரவேற்பறையும், கார் வளைவில் நிற்கும் அந்தக் காட்சியும் அவருடையவை.